கரையைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள்

வார இறுதிகளில் தூண்டிலோடு கல்லாற்றுப் பக்கம் போய்வரும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

அடுத்த தடவை சக்கர நாற்காலிக்காரர்களையும் கூட்டிக்கொண்டு போவதென்று நீங்கள் பேசி முடிவு செய்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். பட்டியலில் என் பெயரும் இருக்கிறதாம். சந்தோஷம். தூண்டில் போட எப்போது கூப்பிட்டாலும் வருவேன், கல்லாற்றுக்கு மட்டும் வரமாட்டேன். ஏன் என்பதையும், எங்கே கூப்பிட்டால் வருவேன் என்பதையும் எல்லாருக்கும் பொதுவாக எழுதிவிடுகிறேன். ஆளாளுக்குப் போனில் சொல்லப் புறப்பட்டால் மூன்றாவது ஆளிடம் சண்டை வந்துவிடும்.

கல்லாறு எனக்குத் தெரியாத இடமில்லை. பனையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போவதற்கு முன்பு, பொன்முடிக்குப் போகும் வழியில் அங்கே இறங்கிக் கால் நனைக்காமல் போனதில்லை. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா தாண்டி ஏறக்குறைய 45 கிலோமீட்டர். 22 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்கு முந்திய அடிவாரம். வாமனபுரம் ஆற்றுக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஓடை அது. அடியில் கிடக்கும் கல்லெல்லாம் உருண்டை. தலையணை அளவில், பானை அளவில், ஆட்டோ அளவில் உருண்டைக் கல். மேலே பாசி. இரண்டு காலும் நன்றாக இருக்கிறவனே அங்கே கைகளை விரித்துக்கொண்டு நண்டு மாதிரி நடக்கிறான். அதில் நாற்காலியை எப்படி இறக்குவீர்கள்?

"நாங்க நாலு பேர் சேர்ந்து தூக்கிருவோம் அண்ணே" என்பீர்கள். எனக்குத் தெரியும், நல்ல மனசோடுதான் சொல்வீர்கள். ஆனால் தூக்கப்படுகிறவன் பக்கமிருந்து பாருங்கள். தூக்குகிற நான்கு பேரில் ஒருவருக்கு வழுக்கினால் மற்ற மூன்று பேரும் கையூன்றி எழுந்துகொள்வார்கள், நான் கல்லில் விழுவேன். இடுப்பெலும்பு முறிந்தாலும் எனக்கு வலி தெரியாது. அடுத்த நாள் வீக்கத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இன்னொன்று, தூக்கிக் கொண்டுபோய் வைத்த ஆள், தூக்கியவர்கள் நினைக்கும்போதுதான் திரும்ப முடியும். மூத்திரம் வந்தால், வெயில் ஏறினால், சும்மா அலுத்துப் போனால்கூட உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

தண்ணீரும் நம்பத்தக்கதில்லை. பொன்முடியில் மழை பெய்வது கீழே குளிப்பவனுக்குத் தெரியாது. வெயிலடிக்கும், ஆறு மட்டும் சட்டென்று கலங்கி ஏறும். கயங்கள் எங்கே ஆழம் என்று ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். 2022 அக்டோபரில் கல்லாற்று வட்டக்கயத்தில் மூன்று பேர் மூழ்கிப் போனது உங்களுக்கு நினைவிருக்கும். அவர்கள் ஓடக்கூடியவர்கள்.

அதே கல்லாற்றுக் காட்டுக்குள்தான் லட்சுமிக்குட்டியம்மா இருக்கிறார். காணிப் பழங்குடி, விஷ வைத்தியத்துக்குப் பேர்போனவர், 2018இல் பத்மஸ்ரீ வாங்கியவர். அவர் வீட்டுக்குப் போகும் பாதை 1952இல் அனுமதியானது, இன்னும் முடியவில்லை என்று பேட்டிகளில் அவரே சொல்லியிருக்கிறார். குடியிருக்கிறவரே வழிக்கு இத்தனை காலம் காத்திருந்த ஊரில், தூண்டில் போட வருகிற எனக்கு ஒரு சரிவுப்பாதை கேட்க வாய் வரவில்லை.

உண்மையைச் சொன்னால், கேட்கவும் விருப்பமில்லை. எல்லா இடத்திலும் சிமெண்ட் பூசினால்தான் சமத்துவம் என்று எங்களில் சிலர் பேசுகிறார்கள். நான் அந்தக் கட்சியில்லை. கல்லாறு கல்லாறாகவே இருக்கட்டும். போதாக்குறைக்கு, மேலே மீன்முட்டி அருவிப் பக்கம் எல்லாம் வனத்துறை நிலம். காட்டு எல்லைக்குள் அனுமதியில்லாமல் தூண்டில் போடுவது குற்றம். நீங்கள் அங்கே என்ன பிடித்தீர்கள் என்று நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம்.

இந்த மலைமோகம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்ததுண்டு. துரைமார் விட்டுப்போனதுதான். 1873இல் மதராஸ் சிவில் சர்வீஸைச் சேர்ந்த எச். எஸ். தாமஸ் 'தி ராட் இன் இந்தியா' என்று ஒரு தடிப் புத்தகம் போட்டார். நீலகிரியிலும் மூணாறிலும் ஓடைகளில் டிரவுட் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். காவிரியில் மஹ்சீர் பிடிக்க பீமேஸ்வரி பக்கம் கூடாரம் போட்டது நம் காலம்வரை நடந்தது. பிறகு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி நிறுத்திவிட்டார்கள். குளத்துக் கெண்டையையும் கெளுத்தியையும் அந்தத் துரைமாரில் பலர் ஒரு மீனாகவே மதித்ததில்லை. ஆனால் அதே பிரிட்டனில் சாதாரணத் தொழிலாளி ஞாயிற்றுக்கிழமை போனது ஊர்க்குளத்துக்கும் கால்வாய்க் கரைக்கும்தான். சால்மன், டிரவுட் எல்லாம் பணக்காரன் ஆற்றில். கெண்டை வகைகள் எளியவன் குளத்தில். பிடித்ததைப் பெரும்பாலும் திரும்ப விட்டுவிடுவது அவர்கள் வழக்கம், அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஆனால் அந்தக் குளத்துக் கரையில்தான் எங்களைப் போன்றவர்களுக்கும் இடம் கிடைத்தது. அங்கே 'வீலிபோட்' என்று ஒரு அறக்கட்டளை இருக்கிறது. அவர்கள் படகின் முன்பக்கம் கதவு மாதிரிக் கீழே சாயும், நாற்காலியை அப்படியே உருட்டி ஏற்றலாம். ஏரியில் ஓடும் படகுதான் அது, காட்டாற்றில் ஓடாது.

யோசித்துப் பார்த்தால், வெளியிடத்து விளையாட்டுகளில் எங்கள் உடம்புக்குத் தூண்டில் போடுவதைவிடத் தோதானது இல்லை. கிரிக்கெட்டில் நாங்கள் ஸ்கோர் எழுதுவோம், மலையேற்றத்தில் பைக்குக் காவல் இருப்போம். தூண்டில் போடும்போதோ நீங்களும் வந்து உட்காருகிறீர்கள். நான் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறேன். மீனுக்கு இரண்டு பேரும் ஒன்றுதான். எங்களை நிறுத்துவது கடைசிப் பத்தடி மட்டுமே, ரோட்டிலிருந்து நீர்விளிம்பு வரைக்கும் உள்ள பத்தடி. ஆகவே மீனைப் பார்த்து இடம் தேடாதீர்கள். கரையைப் பார்த்துத் தேடுங்கள்.

அப்படித் தேடினால் எங்கே? நெய்யாறு அணைக்குப் போகலாம் என்று யாராவது சொல்வார்கள். நீர்த்தேக்கம் சரணாலயத்துக்குள் வருகிறது. அது ஒரு பக்கம் இருக்கட்டும், அங்கே முதலை உண்டு. கரையில் ஆட்களைக் கடித்த கதைகள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அங்குள்ள முதலைப் பண்ணைக்கு 2007இல் ஆஸ்திரேலிய முதலை நிபுணர் ஸ்டீவ் இர்வின் பெயரை வைத்தார்கள். பிரேக் போட்டு உட்கார்ந்திருப்பவனுக்கு ஏற்ற இடமா அது! பேப்பாறை அணையும் சரணாலயத்துக்குள்தான், அங்கே தேக்குவது நகரத்துக்குக் குடிதண்ணீர்.

எனக்குத் தோன்றுவது வெள்ளாயணி. கோவளத்துக்குப் போகிற வழியில், விவசாயக் கல்லூரிக்குப் பக்கத்தில், நல்ல தண்ணீர் ஏரி. தாமரையும் ஆகாயத்தாமரையும் போட்டிபோட்டுப் படர்ந்திருக்கும். நடுவே திறந்த நீர். சில இடங்களில் வண்டி போகும் ரோடே நீர்மட்டத்தை ஒட்டிப் போகிறது. அங்கே ஆட்கள் வரப்பில் குந்தியிருந்து தூண்டில் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். விரால், கெளுத்தி, கரிமீன், ஜிலேபி எல்லாம் கிடைக்கும். உள்நாட்டு மீனவர்கள் வலை கட்டும் இடம் எது என்று முதலில் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அது அவர்கள் பிழைப்பு, நமக்குப் பொழுதுபோக்கு. குமரி மாவட்டத்துக் குளமென்றால் மீன்பாசிக் குத்தகைக்காரரிடம் அனுமதி வாங்கணும். தூண்டில்காரனை விரட்டுகிற குத்தகைக்காரர்கூட, நாற்காலியைக் கண்டால் கட்டிலைக் கொண்டுவந்து போட்டு டீயும் வாங்கித் தருவார். அந்த இரக்கமும் சில நாள் எரிச்சலாக இருக்கும், ஆனால் டீ நன்றாக இருக்கும்.

நல்ல முன்மாதிரி கேரளத்திலேயே உண்டு. கொச்சிப் பக்கம் வைப்பின் தீவில் ஞாறய்க்கல்லிலும் மாலிப்புரத்திலும் மீனவர் கூட்டுறவு அமைப்பான மத்ஸ்யஃபெட் நடத்துகிற மீன்பண்ணைகளில் டிக்கெட் வாங்கினால் தூண்டில் போடலாம், நீருக்கு மேலே குடில் உண்டு, மதியம் சாப்பாடும் உண்டு. வரப்பு சமம், தண்ணீர் அசையாது, பக்கத்தில் ஆள் இருக்கிறார்கள். இப்படி ஒன்று திருவனந்தபுரத்துக்காரனுக்குப் பக்கத்தில் ஏன் இல்லை என்று, நீங்கள் அடுத்த தடவை யாரிடமாவது மனு கொடுக்கும்போது கேளுங்கள்.

கரை எப்படி இருக்க வேண்டும் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டு அணுகல் விதிகளில் மீன்பிடி மேடைக்கென்றே ஒரு பகுதி எழுதிவைத்திருக்கிறார்கள். கைப்பிடியில் கால் பங்காவது 34 அங்குலத்துக்கு மேல் உயரக் கூடாது, உட்கார்ந்திருப்பவன் தூண்டிலை அதற்கு மேலே வீசணும் அல்லவா. விளிம்பில் குறைந்தது 2 அங்குலம் உயரத்துக்குத் திட்டு, சக்கரம் உருண்டு தண்ணீருக்குள் போகாமலிருக்க. நாற்காலி ஒரு சுற்றுத் திரும்ப 5 அடி இடம். சரிவு, ஓர் அடி இறங்க 12 அடி நீளம். இந்தச் சரிவுக் கணக்கு நம் நாட்டு வழிகாட்டுதல்களிலும் உண்டு. இந்த நான்கு அளவையும் ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டு ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். எங்கெங்கே ஏற்கெனவே பாதி சரியாக இருக்கிறது என்று கண்ணில் படும்.

இங்கே ஒரு வயிற்றெரிச்சலைச் சொல்லாமல் விட முடியவில்லை. குளம் புதுப்பிக்கிறோம் என்று ஊர் ஊராக வேலை நடக்கிறது. முன்பு மாடு இறங்கி ஏறிய மண்சரிவு இருந்தது. அதில் இரண்டு பேர் பிடித்தால் நாற்காலியும் இறங்கும். புதுப்பித்த பிறகு நான்கு பக்கமும் கருங்கல் கட்டு, இரும்பு வேலி, பூட்டு, ஒரு மூலையில் செங்குத்தாகப் படிக்கட்டு, பக்கத்தில் கல்வெட்டு. மாடும் போச்சு, நாங்களும் போனோம். கல்வெட்டு மட்டும் நாற்காலியிலிருந்து வாசிக்கிற உயரத்தில் இருக்கிறது.

மாற்று வழி கேரளத்தின் கையிலேயே இருக்கிறது. ஊரக வேலையுறுதித் திட்டத்தில் பஞ்சாயத்துகள் ஓடைக்கரையிலும் குளக்கரையிலும் கயிற்றுப் பூவஸ்திரம் விரித்திருக்கின்றன. தென்னை நாரில் நெய்த முரட்டு வலை. மண் சரியாமல் பிடிக்கும், புல் முளைத்ததும் கரையோடு கரையாகிவிடும். அந்த வேலை நடக்கும்போதே ஓர் ஓரத்தில் 12க்கு 1 சரிவில் மண்ணை வெட்டி, இடித்து, மேலே அதே நாரை இரட்டையாக விரித்துவிட்டால் எங்களுக்கு வழி ஆயிற்று. தற்காலிகமாக வேண்டுமென்றாலும் இதே வித்தைதான். வெள்ளாயணிக்கு வரும்போது நடைபாதைக் கயிற்றுப்பாய் இரண்டு சுருள், பிளைவுட் பலகை இரண்டு, செங்கல் நாலு கொண்டுவாருங்கள். சேற்றில் பாய், பள்ளத்தில் பலகை, சக்கரத்துக்கு முன்னால் செங்கல். பயணம் முடிந்ததும் சுருட்டி எடுத்துவிடலாம்.

எடுத்துவிடலாம் என்பது முக்கியம். சென்னை மெரினாவில் 2022 நவம்பர் 27இல் மரப்பாதை திறந்தார்கள், 263 மீட்டர் நீளம், 1.14 கோடி ரூபாய். எங்கள் ஆட்கள் பலர் முதல்முறையாக அலை பக்கம் போனது அன்றுதான். நானும் தொலைக்காட்சியில் பார்த்துக் கண் கலங்கினேன். இரண்டு வாரம் ஆகவில்லை, மாண்டஸ் புயல் வந்து நுனியைப் பிய்த்துப் போட்டது. பிறகு சரி செய்தார்கள். தண்ணீர்ப் பக்கத்தில் கட்டுகிற எதையும் தண்ணீர் ஒருநாள் கேட்டு வரும்.

சட்டம் எங்கள் பக்கம்தான் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு பொழுதுபோக்கைப் பற்றியது. வெளியிட முகாமும் சாகச நிகழ்வும்கூடப் பெயர் சொல்லி அதில் இருக்கின்றன. அணுகல் விதிகள் வெறும் சிபாரிசாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8இல் சொல்லிவிட்டது. மனு எழுதுகிறவர்கள் இதை எழுதுங்கள். நான் மனு எழுதி ஓய்ந்தவன்.

இனி, கூடவே வருகிற உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய சில உடம்பு விஷயங்கள். வெட்கப்பட்டுச் சொல்லாமல் விடுகிறவர்கள் எங்களில் அதிகம். அதனால் நானே சொல்கிறேன்.

முதுகுத்தண்டு அடிபட்டவன் ஒரே இருப்பில் இருந்தால் புண் வரும். கால்மணியிலிருந்து அரைமணிக்கு ஒருமுறை கையை ஊன்றி உடம்பைத் தூக்கணும், அல்லது முன்னால் சாயணும். மீன் கடிக்கிற நேரத்தில் எவனுக்கு அது நினைவிருக்கும்? போனில் அலாரம் வைத்து, அடித்ததும் "அண்ணே, தூக்குங்க" என்று கூச்சமில்லாமல் கத்துங்கள். கழுத்துப் பக்கம் அடிபட்டவர்களுக்கு உடம்பில் பெரும்பகுதி வியர்க்காது, சூடு உள்ளேயே ஏறும். நனைத்த துண்டு கழுத்தில், பெரிய குடை, மத்தியானத்துக்கு முன்பு கிளம்பிவிட வேண்டும். கழிப்பறை எங்கே என்பதை முந்தின நாளே போய்ப் பாருங்கள். கதவு அகலத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள். "இருக்கு அண்ணே" என்ற பதிலை நம்பி நான் பட்டது போதும்.

காலைத் தண்ணீரில் தொங்கவிட ஆசையாக இருக்கும், விடாதீர்கள். உணர்ச்சியில்லாத காலில் எங்காவது கீறல் இருக்கும். எலிக்காய்ச்சல் அதன் வழியாக வரும். 2024இல் நெய்யாற்றின்கரைப் பக்கம் குளத்தில் குளித்த பையன்களுக்கு அமீபா மூளைக்காய்ச்சல் வந்ததும் தெரியும். அது மூக்கு வழியாகப் போவது, ஆகவே குளிப்பதும் முங்குவதும் வேண்டாம், கரையில் உட்கார்ந்திருக்கப் பயப்பட வேண்டாம். இன்னொன்று கெளுத்தி. அதன் பக்கத்துத் துடுப்பில் இருக்கும் முள் குத்தினால் உங்களுக்கு வலியில் உயிர் போகும். விரல் மரத்தவனுக்கு ஒன்றும் தெரியாது, ரத்தம் சொட்டிக்கொண்டே அடுத்த புழுவைக் கோர்ப்பான். தேளி மீன் இன்னும் மோசம், அதன் முள்ளில் விஷம் உண்டு. ஆகவே தூண்டில் முள்ளிலிருந்து மீனைக் கழற்றுவதைத் துணிக்கையுறை போட்ட ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். அதில் எங்களுக்கு மானப்பிரச்சினை இல்லை. மீனைக் கரைக்கு இழுக்கிறவரை யாரும் தூண்டிலைத் தொடக் கூடாது, அதில்தான் மானம் இருக்கிறது.

கை வலுவில்லாதவர்களுக்கு ரீல் வைத்த விலையுயர்ந்த தடியெல்லாம் வேண்டாம். கவைக்குச்சி ஒன்றை நாற்காலிக் கைப்பிடியில் சைக்கிள் டியூப் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். மூங்கில் கம்பு அதில் உட்காரும். நுனியை ஏற்ற ஒரு முழங்கை போதும். கண் தெரியாதவர்களை விட்டுவிட்டீர்கள், பட்டியலில் ஒருவர்கூட இல்லை. தக்கையைப் பார்க்க முடியாது என்று நினைத்திருப்பீர்கள். அவர்களுக்குக் கம்பும் வேண்டாம் தக்கையும் வேண்டாம், வெறும் தூண்டில் நரம்பை விரலில் கொடுங்கள். ஜிலேபி கொத்துவது எறும்பு ஊர்கிற மாதிரி விட்டு விட்டு வரும். கெளுத்தி நடுங்க நடுங்க இழுக்கும். விரால் ஒரே வெட்டு, அதற்கப்புறம் நரம்பு விரலை அறுக்கும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவரே பார்வையில்லாத ஒரு பெரியவர்தான். நான் தக்கையை வெறித்துக்கொண்டு கோட்டை விட்டதை அவர் நரம்பில் கேட்டுப் பிடிப்பார்.

படகு ஏறுவதானால் எல்லாருக்கும் மிதவைச் சட்டை, உங்களுக்கும் சேர்த்து. ஆனால் வள்ளத்தில் ஆளை நாற்காலியோடு பெல்ட் போட்டுக் கட்டாதீர்கள். கவிழ்ந்தால் நாற்காலி ஆளையும் சேர்த்து அடிக்கு இழுத்துக்கொண்டு போகும்.

நாள் விஷயம். ஜூனில் வேண்டவே வேண்டாம். கரை சேறு, போதாதற்குப் புதுவெள்ளத்தில் முட்டையோடு மீன் ஏறிவரும் காலம். அப்போது மீன் பிடிக்கும் 'ஊத்தப் பிடித்தம்' கேரளத்தில் தடை, தடை இல்லாவிட்டாலும் சினைமீனைப் பிடிப்பவனுக்கு அடுத்த வருஷம் மீன் கிடையாது. துலாமழை ஓய்ந்து ஏரி நிறைந்து கரை காய்ந்திருக்கும் ஜனவரிதான் நல்லது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வரும், எங்களைச் சுற்றி நின்று பார்ப்பார்கள். செவ்வாயோ புதனோ வையுங்கள்.

வண்டிக்கு டெம்போ டிராவலர் பேச வேண்டாம், அதன் படி எங்களுக்கு மலை. 'குட்டி யானை' சரக்கு வண்டி ஒன்று, பின்கதவில் சாய்க்க ஒரு பலகை, கட்ட நாலு கயிறு, மேலே தார்ப்பாய். வாடகையில் பாதி நாங்கள் போடுகிறோம், இலவசமாக வரமாட்டோம். மலப்புரத்துப் பாலியேட்டிவ் சங்கத்துப் பிள்ளைகள் வருஷக்கணக்காகப் படுத்திருந்தவர்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போவதைப் பார்த்திருக்கிறேன். அழகாகச் செய்வார்கள். ஒன்று மட்டும் அவர்களிடமிருந்து வேண்டாம், பேனர். மீன் பிடித்தவன் கேட்டால் ஒரு போட்டோ, அதுவும் மீனோடு.

கிடைத்த மீனை யார் கொண்டுபோவது என்று தகராறு வரும். விராலை என்னிடம் கொடுத்துவிடுங்கள். வீட்டில் தேங்காய் அரைத்து, குடம்புளி போட்டு வைப்பார்கள், எல்லாரும் வாருங்கள். சாம்பல் போட்டு உரசுகிற வேலை உங்களுடையது. ஜனவரி இரண்டாவது செவ்வாய் எனக்குத் தோது. அதற்கு முன்னால் உங்களில் இரண்டு பேர் டேப்பும் பாயும் எடுத்துக்கொண்டு ஒருமுறை வெள்ளாயணிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, எந்த இடம் என்று எனக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
குழித்துறையிலிருந்து உங்கள் அண்ணன்